திரு. பொத்தான், தற்காலிக உதவியாளர்

மார்ச் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, குடும்பத் திரைப்பட வாரியத்தின் மூன்றாம் தளத்தில், பழுப்பு நிற நாய் ஒன்று தற்காலிக உதவியாளராகப் பணியில் சேர்ந்தது.

இதில் நாயின் முயற்சி எதுவும் இல்லை. சிபாரிசும் இல்லை. ஒரு சிறுமிக்கும் நாய்க்கும் இடையிலான நட்பைப் பற்றி அந்த ஆண்டு ஒரு படம் எடுப்பதென்று வாரியம் முடிவு செய்திருந்தது. படத்துக்கு 'இரண்டு பேருக்கு ஒரு குடை' என்று பெயர். கேமரா வாங்க விதி இருந்தது. குடை வாங்க, நாற்காலி வாங்க, பொய் மழை பெய்யக் குழாய் வாங்க, எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. நாய் வாங்க மட்டும் இல்லை. உயிருள்ள பொருள் என்றால் மூன்று துறைகள் ஒப்புதல் தரவேண்டும். அது வந்து சேர்வதற்குள் நாய் கிழமாகிவிடும், சிறுமிக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

பணியாளர் பிரிவின் கண்காணிப்பாளர் இரண்டு நாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொருளாக வாங்க முடியாததை ஆளாக நியமிப்பதற்குத் தடை எதுவும் இல்லை என்று கண்டுபிடித்தார். தற்காலிக உதவியாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. நல்ல உடல்நலம், கட்டளைக்குக் கீழ்ப்படிதல், எந்த நேரமும் வேலைக்குத் தயாராக இருத்தல் ஆகியவை அதற்குத் தகுதிகள். இந்த மூன்றும் ஒருசேர அமைந்த மனிதர் கிடைக்காமல் அந்த இடம் பதினோரு வருடமாகக் காலியாகவே கிடந்தது.

படிவத்தைப் பிரிவின் எழுத்தர் அம்மா நிரப்பினார். 'அறிந்த மொழிகள்' என்ற இடத்தில், 'கேட்டால் புரியும். எழுதப் படிக்கத் தெரியாது' என்று எழுதினார். அங்க அடையாளம், மூக்குக்கு மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதனால்தான் அதற்குப் பொத்தான் என்று பெயர் வந்தது. கையெழுத்துக்குப் பாதத்தை மையில் தோய்த்துப் பதித்தார்கள். வலது கால் ரேகை செல்லாது என்று கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பினார். இடது காலைப் பதித்தார்கள்.

இவ்வளவு நடந்தது லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாது. அவர்தான் படத்தில் நடித்த சிறுமியின் அப்பா.

அவருக்கும் சினிமாவுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. வாரியக் கட்டடத்தின் லிஃப்ட் நான்கு வருடமாக ஓடவில்லை என்று கூப்பிட்டதால் போனார். அன்றைக்குப் பள்ளி விடுமுறை. எட்டு வயது மகளை வீட்டில் தனியாக விட முடியாமல் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு வீட்டில் சில்லு என்று பெயர். உருவத்தில் சில்லு, வாயில் பாறை. மூன்றாம் தளத்தில் குழந்தைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நாற்பது குழந்தைகள் வரிசையாக நின்று, தெருவிலிருந்து பிடித்துவந்த ஒரு நாயைப் பார்த்து நட்பாகச் சிரித்துக்கொண்டிருந்தன. நாய் யாரையும் பார்க்கவில்லை. வாசலில் திருப்புளியைப் பிடித்தபடி நின்ற சில்லுவிடம் போய் அவள் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. கிளப்பிப் பார்த்தார்கள். கிளம்பவில்லை.

மெக்கானிக் அன்று மாலைக்குள் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார். திறப்பு விழாவுக்கு வாரியத் தலைவர் தேதி தரவில்லை என்று லிஃப்டைப் பூட்டி வைத்தார்கள். மகளும் நாயும் நடித்த நாற்பத்தொரு நாளும், தான் சரிசெய்த லிஃப்டைப் பார்த்தபடியே அவர் படியேறினார்.

கடைசி நாள், படம் எடுத்தவர் வந்து அவர் தோளில் கைபோட்டார்.

"சார், உங்க பொண்ணைத் தவிர யார் பேச்சையும் இது கேக்காது. வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. நாங்க வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

சில்லு பத்து நாளுக்கு முன்பே தன் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய போர்வை ஒன்றை நான்காக மடித்துப் போட்டிருந்தாள். அதை யாரும் மிதிக்கக் கூடாது. நாய் வேண்டவே வேண்டாம் என்று நாற்பது நாள் போராடிய அவள் அம்மா, ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர், நாற்பத்தோராவது நாள் வெள்ளைக்கொடி காட்டினார். "வரட்டும். சோபா போகப்போகுதுன்னு தெரிஞ்சு போச்சு. கடைசியா ஒரு தடவை நல்லா உக்காந்துக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் காவலர் தடுத்தார்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்குத்தான்."

"நீங்க போங்க. பாப்பா போகட்டும். இவரு?"

"எவரு?"

காவலர் நாயைக் காட்டினார். அதன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. படப்பிடிப்புக்கு ஏதோ மாட்டியிருக்கிறார்கள் என்று மெக்கானிக் இத்தனை நாள் நினைத்திருந்தார். புகைப்படத்தில் பொத்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே 'திரு. பொத்தான், தற்காலிக உதவியாளர்' என்று அச்சிட்டிருந்தது.

"ஸ்டாஃபை இழுத்துட்டுப் போக ரூல் இல்லீங்க. அதுவும் கயித்துல."

"அண்ணே, இது நாய்ண்ணே."

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. அட்டையில 'திரு'ன்னு போட்டிருக்கு."

மெக்கானிக் மறுபடி மூன்று மாடி ஏறினார். கண்காணிப்பாளர் அவரை அன்போடு உட்காரச் சொன்னார்.

"உங்க வருத்தம் புரியுது. இது உணர்ச்சிபூர்வமான விஷயம். இந்த வாரியமே உணர்ச்சிக்காகத்தான் இருக்கு. ஆனா பாருங்க, நியமன ஆணையில இருப்பிடம்னு என்ன போட்டிருக்கு? மூணாம் தளம், வாரியக் கட்டடம். இருப்பிடத்தை விட்டு வெளியில தங்கணும்னா முன் அனுமதி வேணும்."

"சரி சார். அனுமதி குடுங்க."

"அவர் கேக்கணும்."

மெக்கானிக் நாயைப் பார்த்தார். நாய் மேசைக்கு அடியில் இருந்த குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ வேலையை விட்டு அனுப்பிடுங்க சார்."

"எதுக்கு அனுப்பணும்? அவர் மேல ஒரு புகார் உண்டா? நாற்பத்தொரு நாள்ல ஒரு நாள் லீவு போட்டாரா? இந்த மாதிரி ஆளை நான் அனுப்பினா, மேல இருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அன்று சில்லு கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "வேலைக்குப் போற நாயை நாமதான் சாயங்காலம் போய்ப் பாக்கணும்" என்றாள். அடுத்த நாளிலிருந்து பள்ளி விட்டதும் அப்பாவை இழுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள். பார்வையாளர் நேரம் நாலு முதல் நாலரை. சீட்டில் 'சந்திப்பின் நோக்கம்' என்ற இடத்தில் அவள் 'விளையாட' என்று எழுதினாள். கண்காணிப்பாளர் அதை அடித்துவிட்டு 'அலுவல் சார்பாக' என்று திருத்தினார். அலுவல் சார்பாக அரை மணி நேரம் இருவரும் தாழ்வாரத்தில் பந்து பிடித்தார்கள். நாலரைக்கு மணியடிக்கும். பொத்தான் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து, மூக்கை ஒட்டிவைத்து நிற்கும். கண்ணாடியில் அந்த உயரத்தில் ஒரு வட்டக் கறை படிந்துவிட்டது.

மெக்கானிக் ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதினார். கீழே பொத்தானின் இடது பாதத்தைப் பதித்தார். இப்போது அவருக்கும் விவரம் தெரிந்திருந்தது. கடிதம் பதினெட்டு நாள் கழித்து விசாரணைக்கு வந்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் விலகுகிறாரா என்று பணியாளரை நேரில் கேட்டறிய வேண்டுமாம். கண்காணிப்பாளர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து கேட்டார்.

"திரு. பொத்தான், நீங்கள் முழுச் சம்மதத்துடன் விலகுகிறீர்களா?"

கண்காணிப்பாளர் சற்று முன்புதான் பிஸ்கட் சாப்பிட்டிருந்தார். பொத்தான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது.

'பணியாளர் மேலதிகாரியிடம் மிகுந்த பற்றுக் காட்டினார். விலகும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. ராஜினாமா நிராகரிக்கப்படுகிறது' என்று எழுத்தர் அம்மா குறித்துக்கொண்டார். கண்காணிப்பாளர் கைக்குட்டையால் விரலைத் துடைத்தபடி, "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல எனக்குக் கீழ வேலை செய்யற ஒருத்தர் என்கிட்ட இப்படிப் பாசம் காட்டினதில்லை" என்றார். அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்ததை மெக்கானிக் கவனித்தார். மேற்கொண்டு பேச அவருக்கும் மனம் வரவில்லை.

மே மாதக் கடைசியில் படத்தை உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சில்லுவின் குடும்பத்துக்கும் அழைப்பு வந்தது. பொத்தானுக்குக் கடைசி வரிசை, பணிநிலைப்படி இருக்கை. நல்ல படம். பெற்றோர் வீடு மாற்றும்போது நாயை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்கள். சிறுமி மழையில் ஒற்றைக் குடையோடு அதைத் தேடிக்கொண்டு நடக்கிறாள். மண்டபம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். விளக்கைப் போட்டதும் வாரியத் தலைவர் மேடையேறினார். தண்ணீர் குடித்தார்.

"நண்பர்களே, ஒரு குழந்தையையும் நாயையும் பிரிக்கிற கை, மனிதக் கையே அல்ல! அது கல்! அப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரர்களை உலகுக்கு அடையாளம் காட்டத்தான் இந்த வாரியம் இருக்கிறது. இங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரும், கடைநிலை ஊழியர் வரைக்கும், இந்தப் படத்தை நெஞ்சில் வைத்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம்!"

கைதட்டல் அடங்குவதற்குள் கண்காணிப்பாளர் ஒரு கோப்பை நீட்டினார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்திட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து கடைசி எழுத்துக் கலைந்துவிட்டது.

அது பொத்தானின் இடமாற்ற ஆணை.

"படம் முடிஞ்சிடுச்சு இல்லையா, அவருக்கு இங்க வேலை இல்லை" என்று கண்காணிப்பாளர் மெக்கானிக்குக்கு விளக்கினார். "வேலை இல்லாதவரைத் தலைமை அலுவலகத்துல வெச்சா தணிக்கையில கேப்பாங்க. மலையடிவாரத்துல நம்ம படச்சுருள் கிடங்கு இருக்கு. ரயில்ல ஒரு பகல், ஒரு ராத்திரி. காவல் வேலை. இவருக்குப் பொருத்தமா இருக்கும்னு நானே பாத்துப் போட்டேன்."

"அங்க என்னத்தைக் காக்கணும் சார்?"

"சுருள் எல்லாம் போன வெள்ளத்துல போயிடுச்சு. கிடங்கு இருக்கு."

"கையெழுத்துக் கலைஞ்சிருக்கே சார், இது செல்லுமா?" மெக்கானிக் கடைசி நப்பாசையாகக் கேட்டார்.

"உணர்ச்சியில கலைஞ்சது செல்லும்."

அன்று வீட்டில் சில்லு பள்ளிப் பையிலிருந்த புத்தகங்களை எடுத்து வெளியில் அடுக்கிவிட்டு, இரண்டு சட்டை, பந்து, பல்துலக்கி எல்லாவற்றையும் உள்ளே வைத்தாள்.

"என்னடி பண்றே?" என்றார் அம்மா.

"நானும் டிரான்ஸ்பர்ல போறேன்."

"போ. போய்ச் சேந்ததும் லெட்டர் போடு." அம்மா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. சமையலறைக்குள் போய்க் கணவரைக் கூப்பிட்டார். "ஏங்க, ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க. ஒரு நாயைக் கீழ இறக்கிக் கொண்டுவர முடியலையா?"

"லிஃப்ட்னா பொத்தானை அழுத்தினா வரும்" என்றார் அவர். "இங்க பொத்தானே மேல மாட்டிக்கிட்டு இருக்கு."

வழி சொன்னவர் எழுத்தர் அம்மாதான். அவரை நாலு முறை ஊர் ஊராக மாற்றியிருக்கிறார்கள். அந்த விஷயத்தில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. மெக்கானிக் படியில் உட்கார்ந்திருந்தபோது, ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி அருகில் வந்து நின்றார். அவர் முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"குழந்தையோட படிப்பு கெடும்னு ஒரு மனு குடுங்க. மனு பரிசீலனைக் கூட்டம் ஆகஸ்ட் பன்னெண்டு. அது வரைக்கும் யாரும் அவரை அசைக்க முடியாது."

"யாரோட குழந்தைம்மா? நாய்க்கு ஏது குழந்தை?"

"உறவுமுறைங்கிற இடத்துல நட்புன்னு எழுதுங்க. எழுதக் கூடாதுன்னு எங்கயும் போடலை. ஆனா ஒண்ணு, அதுவரைக்கும் ஒரு நாள்கூட வருகைப் பதிவு விட்டுப் போகக் கூடாது. காலையில பத்து மணிக்கு மெஷின்ல ரேகை விழணும். ஒரு நாள் விழலைன்னா அன்னைக்கே ரயில் ஏத்திடுவாங்க."

மெக்கானிக் மனுவைக் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து காலை ஒன்பதே முக்காலுக்கு வாரியத்துக்கு வந்தார். அந்த நேரத்தில் அங்கே காவலரும் பொத்தானும்தான் இருந்தார்கள். கட்டடத்தின் வாசலில் இருந்த இயந்திரத்தில் நாயின் இடது பாதத்தை வைத்து அழுத்தினார். 'நன்றி' என்றது இயந்திரம். மூன்றாம் தளத்துக்கு மறுபடி ஏறிப்போக நாய் மறுத்தது. சாயங்காலம் சில்லு வரும் வாசல் அதுதான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மெக்கானிக் வேலைக்குக் கிளம்பினார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் அலுவலகத்தின் பத்து மணி மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது.

காரணம் எளியது. படத்தில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி வருகிறது. மணி அடித்த பிறகு சிறுமி தாமதமாக வருவாள். வாசலில் நிற்கும் நாய் செல்லமாகக் குரைத்துக் கண்டிக்கும். அந்தக் காட்சி சரியாக வர இருபத்தாறு முறை எடுத்தார்கள். மணி அடித்த பிறகு உள்ளே வருகிறவரைப் பார்த்துக் குரைக்க வேண்டும் என்பது பொத்தானின் மனதில் கல்மேல் எழுத்தாகிவிட்டது. படப்பிடிப்பு முடிந்த பிறகு பத்து மணிக்கு வாசலில் உட்காரும் வாய்ப்பு அதற்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

முதல் ஆள் பத்து ஏழுக்கு வந்தார். குரைத்தது. பத்தரைக்குள் முப்பது பேர். பதினொன்று இருபதுக்குக் கண்காணிப்பாளர் சாப்பாட்டுப் பையோடு வந்தார். அவரிடம் பாசம் என்பதால் வாலை ஆட்டிக்கொண்டே குரைத்தது. பன்னிரண்டரைக்குத் தலைவரின் கார் வந்தது. அதற்குள் பொத்தானுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இருந்தாலும் கடமையைச் செய்தது.

மாலையில் மெக்கானிக் வந்தபோது குற்றக் குறிப்பாணை தயாராகிக்கொண்டிருந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால் மனு செல்லாது, நேரே கிடங்குதான்.

"மேலதிகாரியைப் பாத்துக் குரைச்சிருக்கார். இது சாதாரண விஷயம் இல்லை" என்றார் கண்காணிப்பாளர். "அம்மா, எழுதுங்க. 'இன்ன தேதியில் இன்ன நேரத்தில்...'"

எழுத்தர் அம்மாவின் பேனா நின்றது. "என்ன நேரம்னு போடட்டும் சார்?"

கண்காணிப்பாளர் சாப்பாட்டுப் பையை மேசைக்கு அடியில் தள்ளினார்.

"பதினொண்ணு இருபதுன்னு போட்டா, பதினொண்ணு இருபதுக்கு நீங்க வாசல்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேப்பாங்க சார். பத்துன்னு போட்டா, பத்து மணிக்கு அவர் குரைக்கலை. அதுக்குக் காவலர் சாட்சி இருக்கார்."

குறிப்பாணை கைவிடப்பட்டது. பொத்தான் குரைத்ததாக நிரூபிக்க வேண்டுமானால் தான் தாமதமாக வந்ததாக ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பத்து நான்கு பேர் வேலை பார்க்கும் அந்த வாரியத்தில் அப்படி ஒருவர் இல்லை.

பின்பக்கப் படி வழியாக வந்து பார்த்தார்கள். பொத்தான் அங்கே வந்து நின்றது. மணியைக் கழற்றினார்கள். பக்கத்துத் தேவாலயக் கடிகாரத்தை அது கற்றுக்கொண்டது. எலும்புத்துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கித் தின்றுவிட்டுக் குரைத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று, ஒவ்வொரு குரைப்புக்கும் யார் உள்ளே போகிறார் என்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர்க் கடைக்காரர் வாடிக்கையாளரிடம், "இருங்க, இப்போ தலைவர் வருவாரு, அதைப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

வேறு வழி இல்லாமல் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள்.

ஜூலை ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு எண்பத்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தார்கள். வாரியம் தொடங்கியதிலிருந்து இது முதல் முறை. அப்போதுதான் நாற்காலிகள் ஐம்பத்தொன்று என்பது தெரியவந்தது. இருவர் பெயரளவில் ஒரே மேசையில் ஒன்பது வருடம் வேலை பார்த்திருந்தார்கள். அன்றுதான் ஒருவரையொருவர் முதல் முறையாகச் சந்தித்துக் கைகுலுக்கினார்கள். நிற்கப் பொறுக்காமல் சிலர் கோப்புகளைப் பிரித்துப் படித்தார்கள். படித்ததால் கையெழுத்திட வேண்டியதாயிற்று. மூன்று வாரத்தில் தலைவரின் மேசையில் கோப்புகள் கழுத்தளவுக்கு உயர்ந்துவிட்டன. அவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. படம் எடுக்க உதவி கேட்டுப் பதினாறு வருடத்துக்கு முன்னால் விண்ணப்பித்த ஒருவருக்குப் பதில் போனது. அவர் நேரில் வந்து, தனக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, யாராவது படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

பணியாளர் சங்கச் செயலாளர் மதியம் முற்றத்தில் கூட்டம் போட்டார். மெக்கானிக் ஓரமாக நின்று கேட்டார்.

"தோழர்களே! நேரத்துக்கு வருவது நம் உரிமை. அதை நாம் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்துவோம், பயன்படுத்தாமலும் இருப்போம். அதைக் கட்டாயமாக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் கிடையாது! தற்காலிகப் பணியாளர் ஒருவர் நிரந்தரப் பணியாளர்களைப் பார்த்துக் குரைப்பது எந்த மரபு? குரைப்பதென்றால் பணிமூப்பு அடிப்படையில் குரைக்கட்டும்! நான் இருபத்தோரு வருடமாக இந்த வாரியத்தில் இருக்கிறேன். என்னைப் பார்த்து 'ஏன் லேட்' என்று கேட்டவர் உண்டா? அந்த நல்லிணக்கம் எங்கே போயிற்று?"

பொத்தானை உடனே இடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார். கிடங்குக்கு எந்த ரயில் என்று மெக்கானிக் பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தார். ஆனால் செய்தி அதற்குள் கிடங்குக்குப் போய்விட்டிருந்தது. அங்கே இருந்த ஒரே பொறுப்பாளர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர். அவரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது: இப்படிப்பட்ட திறமைசாலியைப் பயன்படுத்த இங்கே வசதி இல்லை. தலைமை அலுவலகம் மற்ற ஆறு கிளைகளுக்கும் எழுதியது. ஆறும் இரண்டே நாளில் மறுத்துப் பதில் அனுப்பின. கிளைகளிலிருந்து கடிதத்துக்குப் பதில் வருவதுண்டு என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மாலை நாலு மணிக்கு மனு பரிசீலனைக் கூட்டம். தலைவர், கண்காணிப்பாளர், சங்கச் செயலாளர் மூவரும் மேசைக்குப் பின்னால்; எழுத்தர் அம்மா பக்கத்தில். எதிரே மெக்கானிக், பள்ளிச் சீருடையில் சில்லு, தரையில் பொத்தான். நாற்காலித் தட்டுப்பாடு காரணமாக மனுதாரர் நிற்க வேண்டியிருந்தது.

"இங்க வெச்சுக்க முடியாது" என்றார் சங்கச் செயலாளர்.

"எங்கயும் அனுப்ப முடியாது" என்றார் கண்காணிப்பாளர்.

"வேலையை விட்டு நீக்கறதுன்னா காரணம் சொல்லணும்" என்றார் தலைவர். "என்ன காரணம் சொல்றது? நேரத்துக்கு வந்தார்னா?"

சில்லு குனிந்து நாயின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கண்காணிப்பாளருக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. "ஓய்வு! கௌரவமா ஓய்வு குடுத்து அனுப்பிடலாமே சார். மாலை போட்டு, ரெண்டு வார்த்தை பேசி... அம்மா, அவர் வயசு என்ன?"

எழுத்தர் அம்மா பணிப்பதிவேட்டைப் புரட்டினார். "சேரும்போது மருத்துவர் சான்று, ரெண்டு வயசுன்னு இருக்கு சார்."

"ரெண்டா?" கண்காணிப்பாளர் முகம் தொங்கிவிட்டது.

"அட, நாய்க்கு அப்படி எண்ணக் கூடாதுங்க" என்றார் சங்கச் செயலாளர். "நாய்க்கு ஒரு வருஷம்னா நமக்கு ஏழு வருஷம். எங்க சித்தப்பா நாய் வளத்தவரு, எனக்குத் தெரியும். ஏழால பெருக்குங்க, ஐம்பத்தெட்டைத் தாண்டிடும்."

எழுத்தர் அம்மா ஓரத்தில் ஒரு தாளில் பெருக்கினார். ஒரு முறை சரிபார்த்தார்.

"பதினாலு வருது சார்."

"என்ன பதினாலு?"

"சேந்த அன்னைக்கு அவருக்கு வயசு பதினாலு."

தலைவர் மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரை வேலைக்கு வைத்தால் என்ன தண்டனை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி வாரியமே ஒரு படம் எடுத்துப் பரிசு வாங்கியிருந்தது.

"குழந்தைத் தொழிலாளியா..." என்றார் தலைவர். குரல் கம்மியிருந்தது.

"அதுவும் ராத்திரியும் பகலும்" என்றார் சங்கச் செயலாளர். இப்போது அவர் குரலிலும் ஈரம் இருந்தது. "அந்தப் பிஞ்சைப் போயா நாம..."

சில்லு தலையை நிமிர்த்தினாள். "எனக்கு எட்டு வயசு. நானும்தான் நடிச்சேன். மழையில நாப்பது தடவை ஓடினேன்."

"நீ வேற விஷயம்மா" என்றார் கண்காணிப்பாளர் கனிவாக. "நீ பணியாளர் இல்லை. நீ நடிச்சே, அவ்வளவுதான்."

தலைவர் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்தர் அம்மா பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"குழந்தைகளின் உரிமைக்காக உயிரையும் கொடுக்கும் வாரியம் இது. இந்த நியமனம் நடந்ததே நமக்குத் தெரியாது. நடந்திருந்தால், நடக்கவில்லை. இந்தச் சிறுவரை இன்று மாலைக்குள் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ ஒப்படைக்க வேண்டும். அவரைப் பள்ளிக்கு அனுப்புவதாகப் பாதுகாவலரிடம் எழுதி வாங்க வேண்டும். ஒரு குழந்தை இருக்க வேண்டிய இடம் அலுவலகம் அல்ல!"

"அதைத்தானே சார் ஏப்ரல்லேர்ந்து..." என்று மெக்கானிக் ஆரம்பித்தார். எழுத்தர் அம்மா மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். அவர் நிறுத்திக்கொண்டார்.

ஆணை நாற்பது நிமிடத்தில் தட்டச்சாகி, கையெழுத்தாகி, முத்திரையும் பெற்றது. 'பாதுகாவலர்' என்ற இடத்தில் மெக்கானிக் கையெழுத்திட்டார். பள்ளிக்கு அனுப்புவதாகவும் எழுதிக் கொடுத்தார். வாசலில் காவலர் ஆணையை இரண்டு முறை படித்துவிட்டு, பொத்தானின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"போய் வாங்க தம்பி, நல்லாப் படிங்க" என்றார் நாயிடம்.

மாலை ஐந்து இருபதுக்குச் சில்லு நாயோடு வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா சோபாவிலிருந்து எழுந்து இடம் விட்டார். நாய் ஏறிப் படுத்தது.

மறுநாள் குடும்பத் திரைப்பட வாரியம் பதினொன்றரை மணிக்கு இயங்கத் தொடங்கியது. நாற்காலிகள் போதுமானவையாக இருந்தன. 'இரண்டு பேருக்கு ஒரு குடை' வெளியாகவில்லை. அதில் குழந்தைத் தொழிலாளர் ஒருவர் நடித்திருப்பதாகக் கோப்பில் குறிப்பு இருக்கிறது. சில்லுவின் பெயர் அந்தக் குறிப்பில் இல்லை.